கர்மேனாவுக்கு ஒரு கசெட்

குசினி மேசையின் நடுவில் ரேப் ரெக்கோடர். ஒரு பக்கம் இவர், மறுபக்கம் நான். எதிரே, கதிரையில் இரண்டு தலையணை அடுக்கி உயர்த்தி இருத்தப்பட்ட எங்கள் ஆறு வயது மகள் மாலினி.

மெல்பேர்னின் புறநகரான கிளேட்டனில் அன்று ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். பக்கத்து வீட்டுக்காரர் புல்லு வெட்டி முடிக்கும்வரை காத்திருந்து, யன்னலைச் சாத்தி, பிரிட்ஜின் பிளக்கையும் கழற்றிவிட்டார் இவர். அதன் உறுமல் பதிவாகிவிடுமாம். பொறியியலாளரைக் கட்டினால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு எனக்குக் கண்ணைக் காட்டினார்.

கர்மேனாவுக்கு ஏதாவது சொல்லு என்று மகளிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். பெற்ற பிள்ளையோடு ஏன் ஆங்கிலம் என்று கேட்கிறீர்களா? அந்த வெட்கக்கேட்டையும் இந்த வாரமே சொல்லிவிடுகிறேன்.

மாலினி பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஹூ இஸ் கர்மேனா?" என்றாள்.

இவர் பெட்டியை நிறுத்தினார். நான் எழும்பிப் போய் பிரிட்ஜின் பிளக்கைத் திரும்பப் போட்டேன். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க ஒரு வேலை வேண்டியிருந்தது.

கர்மேனா, மால்ட்டாத் தீவில் எங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்தவள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கப் போன மூன்று வருடமும் மாலினியை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள். அவளுக்குப் பிள்ளை இல்லை. எழுதவும் வராது. அவள் சொல்லச் சொல்ல அவளுடைய கணவர் சால்வு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதுவார். அப்படி ஒரு கடிதம் அந்த வாரம் வந்திருந்தது. இனிப் படம் அனுப்ப வேண்டாமாம். படத்தில் சீருடை போட்டுக்கொண்டு நிற்கிறது யாரோ ஒரு பிள்ளையாம். மாலினியின் குரல் வேண்டுமாம். அதற்காகவே ஒரு மாலுமியிடம் கசெட் பெட்டி வாங்கி வைத்திருக்கிறார்களாம். எங்கள் பாஷையில் பேசச் சொல்லுங்கள் என்ற வரிக்குக் கீழே அடிக்கோடு போட்டிருந்தது.

பிள்ளை உன் பாஷையையும் மறந்துபோனாள், உன்னையும் மறந்துபோனாள் என்று அவளுக்கு நான் எப்படி எழுதுவேன்?

மஞ்சள் கல் வீடு

போன வாரம் இந்தப் பத்தியில் லண்டன் குளிரையும் பிறகு வந்த மால்ட்டா வெயிலையும் பற்றி எழுதியதைப் படித்த வாசகி ஒருவர், யாழ்ப்பாணத்து ஆள் யாழ்ப்பாணத்துக்கு ஏங்காமல் மால்ட்டா, மால்ட்டா என்று ஏன் அடித்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார். அம்மா, இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள் இல்லை. எழுபதுகளில் மெல்பேர்னில் எங்கள் ஆட்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான். மாதம் ஒருமுறை யாராவது வீட்டில் கூடுவோம். எல்லோரும் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை நினைத்துப் பெருமூச்சு விடும்போது, நான் மால்ட்டாப் பாணை நினைத்துப் பெருமூச்சு விடுவேன். நோபல் பார்க்கில் இருந்த பரமேஸ் அன்ரி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"ஊரைப் பிரிஞ்சு அழுகிற சனத்தைப் பாத்திருக்கிறன். வாடகை வீட்டைப் பிரிஞ்சு அழுகிற ஆளை இப்பதான் பாக்கிறன்."

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்ரி சொன்னது உண்மை. நான் குடும்பம் நடத்தப் பழகியது அந்த வாடகை வீட்டில். தாயானதும் அங்கேதான். அந்தத் தீவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சை இழுக்கும்.

லண்டனில் படிப்பு முடிந்ததும் இவருக்கு மால்ட்டாவில் கப்பல் திருத்தும் துறையில் வேலை கிடைத்தது. அப்போது எனக்கு ஐந்து மாதம். தீவு முழுக்க வீடுகள் ஒரே கல்லால் கட்டியிருக்கும். வெட்டின புதிதில் அந்தக் கல் வெள்ளை. வெயில் படப்பட மஞ்சளாகும். பின்னேரங்களில் எங்கள் தெருவே வறுத்த கடலைப்பருப்பு நிறத்துக்கு வந்துவிடும். விளக்கு வைத்த பிறகும் சுவரில் முதுகைச் சாய்த்தால் சூடு இருக்கும். ஆறாவது மாதத்தில் என் இடுப்பு நோவுக்கு அந்தச் சுவரைவிட நல்ல மருந்து கிடைக்கவில்லை.

நாங்கள் கீழே, கர்மேனாவும் சால்வுவும் மேலே. நடுவில் ஒரு சின்ன முற்றம். அவர்களுடைய தெருப்பக்கத்துப் பல்கனி மரத்தால் அடைத்து, பச்சை வர்ணம் அடித்தது. காலையில் பாண்காரனின் மணி கேட்டால் கர்மேனா கயிற்றில் ஒரு கூடையை இறக்குவாள். அவன் பாணை வைப்பான். கூடை எங்கள் யன்னலைத் தாண்டித்தான் மேலே போகும். போகிற வழியில் ஒரு பாணை நான் எடுத்துக்கொள்ளலாம். அது அவள் எனக்குத் தந்த உரிமை.

தோல் நொறுங்கும், உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும். அதில் பாதித் தக்காளியை அழுத்தித் தேய்த்து, ஒலிவ் எண்ணெய் விட்டு, உப்புத் தூவித் தருவாள். நான் அதற்குள் ஒரு பச்சை மிளகாயை ஒளித்து வைத்துச் சாப்பிடுவேன். ஒருநாள் தெரியாமல் என் துண்டைக் கடித்துவிட்டு அவள் முற்றத்தைச் சுற்றி ஓடின ஓட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மாலினி முதலில் சொன்ன சொல் அம்மா இல்லை. இல்மா. மால்ட்டீஸில் தண்ணீர். இரண்டாவது எய்யா. வா என்று அர்த்தம். நான் மூன்றாவதாகத்தான் வந்தேன். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், மறைப்பானேன்.

சால்வுவின் பஸ்

சால்வு பஸ் ஓட்டினார். அந்தத் தீவில் ஓட்டுகிறவருக்கே பஸ் சொந்தம். அதனால் அதைப் பிள்ளையைப் போல வைத்திருப்பார்கள். எங்கள் ஊர் லொறிகளில் பிள்ளையார் இருக்கிற இடத்தில் அங்கே மாதா. சுற்றிவரப் பிளாஸ்டிக் பூ, ஒரு சின்னச் சிவப்பு பல்ப். ஞாயிறு காலையில் பூசை முடிந்ததும் முன் சீட்டு எங்களுக்கு. கர்மேனா மடியில் மாலினி. தீவு சின்னது, ஒரு முனையில் ஏறினால் மறுமுனைக்குச் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் சால்வு வழியில் தெரிந்த ஒவ்வொருவருக்கும் பஸ்ஸை நிறுத்திக் கதைப்பார். அவருக்குத் தெரியாத ஆளே தீவில் இல்லை.

மார்சஷ்லோக் என்ற மீன்பிடிக் கிராமத்தில் இறங்குவோம். நீலமும் மஞ்சளும் பூசிய வள்ளங்கள், ஒவ்வொன்றின் முகப்பிலும் இரண்டு கண் வரைந்திருக்கும். மாலினி ஒவ்வொரு வள்ளத்துக்கும் பெயர் கேட்பாள். கர்மேனா அலுக்காமல் ஒரு பெயர் வைப்பாள். இன்னொரு ஊரில் கடற்கரைப் பாறையிலே பெட்டி பெட்டியாக வெட்டி உப்பு விளைவிப்பார்கள். ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்த எனக்கு அது ஏதோ பொம்மை விளையாட்டு மாதிரி இருந்தது.

சில தேவாலயங்களில் இரண்டு மணிக்கூடு இருக்கும். ஒன்று சரியான நேரம் காட்டும், மற்றது பேயை ஏமாற்ற. பேய் எதைப் பார்க்கும் என்று எப்படித் தெரியும் என்று இவர் விசாரித்தார். எஞ்சினியர் பேயாக இருந்தால் இரண்டையும் கூட்டி இரண்டால் பிரிக்கும் என்றார் சால்வு. அன்று முழுக்க இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ் யன்னலால் உப்புக் காற்று அடிக்கும். கர்மேனா ஏதோ முணுமுணுத்துப் பாட, மாலினி அவளுடைய கழுத்துச் சங்கிலியைப் பிடித்தபடி நித்திரையாகிவிடுவாள். வீடு வந்ததும் பிள்ளையை நான் கை நீட்டி வாங்குவேன். ஒவ்வொரு ஞாயிறும் கர்மேனா ஒரு கணம் பிந்தித்தான் தருவாள்.

பல்லுக்கொழுக்கட்டை

மாலினிக்கு முதல் பல் முளைத்தபோது பல்லுக்கொழுக்கட்டை அவித்தேன். அரிசிமாவுக்கு நான் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். பிள்ளையை முற்றத்தில் பாயில் இருத்தி, தட்டத்தில் புத்தகம், பேனை, என் சங்கிலி, ஒரு சின்னக் கத்தி எல்லாம் பரப்பி, தலையில் கொழுக்கட்டையைக் கொட்டினேன். எதை எடுக்கிறதோ அதுதான் பிள்ளையின் எதிர்காலம்.

மேலேயிருந்து ஒரு கத்தல் கேட்டது. கர்மேனா படியால் ஓடி வந்தாள். பிள்ளையின் தலையில் ஏன் எதையோ கொட்டுகிறாய் என்று சண்டைக்கு வருகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் பார்த்தது தட்டத்தை. அவர்களிடமும் அதே வழக்கம் இருக்கிறது, முதலாவது பிறந்தநாளில். அதே தட்டம், அதே புத்தகம், அதே பேனை. நீங்கள் எங்களிடம் களவெடுத்தீர்களா, நாங்கள் உங்களிடம் களவெடுத்தோமா என்று கேட்டுக்கொண்டே மேலே ஓடிப்போய், ஒரு செபமாலையும் ஒரு முட்டையும் கொண்டுவந்து தட்டத்தில் வைத்தாள். முட்டை இல்லாமல் அங்கே தட்டம் நிறையாதாம்.

மாலினி முட்டையை எடுத்து நிலத்தில் அடித்தாள். டொக்டரோ எஞ்சினியரோ என்று காத்திருந்த இவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். கர்மேனா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வர, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாள். அன்றிலிருந்து அவளுக்கும் எனக்கும் பிள்ளையில் பாதிப் பாதி என்று ஆகிவிட்டது.

ரீச்சர் சொன்னது

துறைமுகத்தில் வேலை குறைந்துகொண்டு வந்தது. இவர் ஆஸ்திரேலியாவுக்கு எழுதிப் போட்டார், கிடைத்தது. நாங்கள் புறப்பட்ட அன்று கர்மேனா விமான நிலையத்துக்கு வரவில்லை. வந்தால் பிள்ளையைத் தரமாட்டேன் என்றாள், சிரித்துக்கொண்டுதான். சால்வு தன் பஸ்ஸில் கொண்டுபோய் விட்டார். மாலினிக்கு மூன்றரை வயது. பஸ் திரும்பும்வரை பச்சைப் பல்கனியைப் பார்த்து எய்யா, எய்யா என்று கத்தினாள்.

மெல்பேர்னுக்கு வந்த புதிதில் அவள் மால்ட்டீஸில்தான் பேசினாள். சிறுவர் பள்ளியில் விட்டால் அங்கேயும் அதுதான். யாருக்கும் விளங்கவில்லை. ரீச்சர் எங்களைக் கூப்பிட்டு இருத்தி, மூன்று பாஷையைப் போட்டுப் பிள்ளையைக் குழப்புகிறீர்கள், இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றார். நல்ல மனிசி, நல்லதை நினைத்துத்தான் சொன்னார்.

யாழ்ப்பாணத்தார் கடவுளோடு வாதாடுவார்கள், ரீச்சரோடு வாதாடமாட்டார்கள். அன்று பின்னேரமே வீட்டில் தமிழை நிறுத்தினோம். எனக்கும் இவருக்கும் சண்டை பிடிக்க வேண்டி வந்தால் மட்டும் காராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தமிழில் பிடிப்போம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வருடமே வாசிப்பில் வகுப்பிலே முதலாவதாக வந்தாள். நாங்கள் ஊருக்கெல்லாம் கடிதம் எழுதினோம்.

சன்ஷைனில் ஒரு கடை

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். உள்ளதை எழுதிவிடுவோம் என்றார் இவர். நான் மாட்டேன் என்றேன். காராஜுக்குப் போனோம்.

"அவளுக்கு உலகத்தில இருக்கிறது இந்தப் பிள்ளை ஒண்டுதான். உங்கட நேர்மையை உங்கட வேலைக் கந்தோரில வைச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

நகரத்தின் மேற்கே மால்ட்டாக்காரர் நிறையப் பேர் குடியிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அடுத்த சனிக்கிழமை மாலினியையும் கூட்டிக்கொண்டு கிளேட்டனில் ரயில் ஏறி, நகரத்தில் மாறி, சன்ஷைனில் இறங்கினேன். இரண்டு தெரு தள்ளி, வெண்ணெயும் பாற்கட்டியும் வேகும் மணம் வந்தது. மால்ட்டாவில் சால்வு பூசை முடிந்து வாங்கி வரும் பஸ்டிட்சிப் பலகாரத்தின் மணம். அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே போய்க் கடை வாசலில் நின்றேன். உள்ளே போகமுன் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

கடைக்காரி டோரிஸ் மாவுக் கையோடு நின்று நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். பிறகு என்னுடைய முகத்துக்கு நேரே ஆங்கிலத்தில் சொன்னாள், என் பிள்ளைகள் இந்தக் கடைக்குள்ளேயே வளர்ந்தவர்கள், எனக்கு இங்கிலிஷில்தான் பதில் சொல்கிறார்கள், உன் பிள்ளை மறந்ததில் என்ன அதிசயம், அந்த மனிசிக்கு உண்மையைச் சொல்லிவிடு என்று. நான் திரும்பிப் போகவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவள் கையைக் கழுவிக்கொண்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

மூன்று சனிக்கிழமை. மாவு மூட்டைகளுக்கு நடுவில் மாலினி எட்டு வசனம் பாடமாக்கினாள். வசனத்துக்கு ஒரு பஸ்டிட்சி கூலி. நான் மாலினி, நான் சுகம், பள்ளிக்கூடம் போகிறேன், உங்களுடைய பாண் எனக்குப் பிடிக்கும் என்று போகும். கடைசி வசனம் நான் கேட்டுச் சேர்த்தது. நான் உங்களை மறக்கவில்லை. டோரிஸ் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதையும் சொல்லிக் கொடுத்தாள்.

குசினியில் மறுபடி யன்னலைச் சாத்தி, பிளக்கைக் கழற்றி, பதிவு செய்து அனுப்பினோம். மாலினி ஒரு பிழை விடவில்லை.

பதில்

ஏழு வாரமோ எட்டு வாரமோ கழித்துப் பொதி வந்தது. பள்ளிக்கூடம் விட்டு மாலினி வந்ததும் மூவருமாக மேசையைச் சுற்றி இருந்து போட்டோம். முதலில் சால்வுவின் தொண்டைச் செருமல், பிறகு அவருடைய ஆங்கிலம்.

"கர்மேனா சொல்லுகிறாள், பிள்ளை வடிவாகச் சொல்லுகிறாள், கோயிலில் செபம் சொல்லுகிற மாதிரி. யாரோ நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள். மறந்தது குற்றமில்லை, அவள் சின்னப் பிள்ளை. இதற்காக நீ கிடந்து கவலைப்பட்டிருப்பாய், அதுதான் கர்மேனாவுக்குக் கவலை. எங்கள் பாஷை போனால் போகட்டும். தாயின் பாஷை எப்படியும் பிள்ளையிடம் இருக்கும்தானே. அதனால் கர்மேனா அதில் பேசப்போகிறாள். ஒரு மாதமாகப் பழகுகிறாள்."

கதிரை இழுபடும் சத்தம். ஒரு மூச்சு. பிறகு கர்மேனா.

"மாலினி, வா. சாப்பித்தியா? பால் குதி. ஓதாதை, விலுவாய். முகம் கலுவு. அலாதை, என்ர குஞ்சு. அம்மா வருவா. கண்ணை மூது. நித்திரை கொல்லு."

அவளுக்கு நான் ஒரு தமிழ்ச் சொல்லும் சொல்லிக் கொடுத்ததில்லை. காலையில் வேலைக்குப் போகும்போதும், பின்னேரத்தில் முற்றத்திலே பிள்ளையின் பின்னால் ஓடி ஓடியும் நான் சொன்னதையெல்லாம் மேலேயிருந்து கேட்டு, இவ்வளவு வருடமும் ஒன்று விடாமல் வைத்திருந்திருக்கிறாள். ட எல்லாம் த, ழவும் ளவும் ல. ஆனால் இழுவை என்னுடைய இழுவை. என்ர குஞ்சு என்று நான் என் பிள்ளையைக் கூப்பிட்டு எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன். எனக்கு நினைவு வரவில்லை.

இவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

மாலினி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், ரேடியோவில் செய்தி கேட்பதுபோல. முடிந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இஸ் தட் மால்ட்டீஸ், மம்?"

இவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இவ்வளவு நாளும் கர்மேனாவின் பாஷை போனதற்கு நான் அழுதுகொண்டு திரிந்தேன். என்னுடையது போனதை நான் கவனிக்கவே இல்லை.

என்ன சொல்கிறா என்று மாலினி மறுபடி ஆங்கிலத்தில் கேட்டாள். மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். மொழிபெயர்க்க மனம் வரவில்லை. கசெட்டைத் திருப்பிச் சுற்றி முதலிலிருந்து போட்டேன். வா என்று கர்மேனா சொன்னதும் நிறுத்தி, வாசலடிக்குப் போய் நின்று கையைக் காட்டினேன். பிள்ளை எழும்பி வந்தாள். பால் குதி என்றதும் இவர் கிளாஸை நீட்டினார். ஓதாதை என்றபோது மேசையைச் சுற்றி இவரையே ஓடவிட்டேன். மாலினிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. திரும்பப் போடு, திரும்பப் போடு என்றாள். அந்தக் கிழமை முழுக்க அதுதான் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம். அடுத்த கிழமை பழைய சிறுவர் பள்ளிக்கே போய், அந்த ரீச்சரிடம், நீங்கள் சொன்னதை இனி எங்களால் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் ஒரு ரீச்சரை எதிர்த்தது அந்த ஒருமுறைதான்.

மால்ட்டாவுக்கு நாங்கள் திரும்பிப் போகவில்லை. அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று தள்ளித் தள்ளி, ஒருநாள் சால்வுவின் கடிதம் மட்டும் வந்தது, கர்மேனா இல்லை என்று. பல வருடமாகியும் அந்தக் கடிதத்தை நான் இரண்டாம் தரம் வாசிக்கவில்லை.

மாலினி இப்போது சிட்னியில், பிளாக்டவுனில் இருக்கிறாள். வளர்ந்த பிள்ளைகள் இரண்டு. நல்ல தமிழ் பேசுவாள், எழுதவும் வரும். தினமும் காலையில் எனக்குப் போன் எடுத்து, ஹலோ சொல்லமுன்னம், "சாப்பித்தியா?" என்று கேட்பாள். தாயை நீ என்கிறாளே, அதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லையே என்று என் தங்கை ஒருதரம் முகம் சுளித்தாள். நான் திருத்தவில்லை.

"ஓம் பிள்ளை, சாப்பித்தன்" என்பேன்.